சனிக்கிழமை விழிக்கும் மரபணு

என் முனைவர் பட்ட ஆய்வில் ஒரே ஒரு விஷயம்தான் ஒழுங்காக வேலை செய்தது. அது வேலை செய்யவே கூடாது என்று நான் வைத்திருந்த விஷயம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில், மழைக்காலத்தில் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டிய ஓர் ஆய்வகத்தில், கறையான் புற்று மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கறையான் மரத்தைத் தின்னும், அதைச் செரிக்க நுண்ணுயிர்கள் உதவும். அந்த நுண்ணுயிர்கள் எந்த மரபணுவை எப்போது இயக்குகின்றன என்று கண்டுபிடித்தால் வைக்கோலிலிருந்து சர்க்கரை எடுக்கலாம், சர்க்கரையிலிருந்து எரிபொருள் எடுக்கலாம், எரிபொருளை வைத்து நாட்டின் வறுமையை ஒழிக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். நான்கு வருஷம் கழிந்தது. வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. வறுமை வேறு எங்கும் போகாமல் என் விடுதி அறையிலேயே தங்கிவிட்டது.

உதவித்தொகை தீர இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அதற்குள் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று கிடைக்காவிட்டால் பட்டம் கிடையாது. பேராசிரியர் ஒளித்துப் பேசுகிறவர் அல்ல. "நல்ல ரிசல்ட்டா இருக்கணும்னு கேக்கலப்பா. புதுசா ஒண்ணு கொண்டா, போதும். இல்லன்னா ஊருக்குப் போய் நெல்லு போடு, அதுவும் நல்ல தொழில்தான்" என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். நான் சேர்ந்த அன்றைக்கே ஊரில் என்னை டாக்டராக்கிவிட்டார்கள். விடுமுறைக்குப் போனால் காதுவலி என்று ஒருவர் வருவார், மாட்டுக்குக் கழிச்சல் என்று இன்னொருவர் வருவார். பட்டம் இல்லாமல் அந்த ஊருக்குத் திரும்பி நெல் போடுவதைவிட அந்தக் காதுவலிக்கே மருந்து கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

புற்றைத் தேடி நான் காட்டுக்கெல்லாம் போகவில்லை. எங்கள் நிலத்தின் மேற்கு வரப்பிலேயே ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. சோறும் வீட்டில் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரையில் இதை 'இயற்கைச் சூழல் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம்' என்று எழுதுவார்கள்.

அதைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையாகவே ஒரு காரணமும் இருந்தது. அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற புற்றில் செவ்வாய், வெள்ளி என்றால் ஊர்ப் பெண்கள் கூடி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முட்டை உடைத்து, பால் ஊற்றுவார்கள். அந்த மண்ணில் பாக்டீரியா இருக்குமோ இல்லையோ, பலகாரமே செய்யலாம். எங்கள் வரப்புப் புற்றுக்கு அந்த யோகம் இல்லை. ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. மனிதக் கை படாத மண். அம்மாவை உட்கார வைத்து அன்றைக்கே சொன்னேன்:

"அந்தப் புத்துல ஒரு சொட்டு மஞ்சத் தண்ணி விழக் கூடாது. பூஜை கீஜைன்னு எதையாவது பண்ணினா என் நாலு வருஷம் போச்சு. புரியுதா?"

"புத்த தோண்டுவியா?" என்று கேட்டாள் அம்மா.

"தினமும் ஒரு ஸ்பூன் மண் எடுக்கணும்."

சர்ப்பமாவது தோஷமாவது என்று நான் அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். என் அறிவியல் பிரச்சாரத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று நினைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

தினமும் மண் எடுக்க ஓர் ஆள் வேண்டும். ஏரிக்கரைக்கு அப்பால் இருக்கிற இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர் எங்கள் நிலத்தில் வேலைக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தப் புற்றில் கறையான் இருக்கிறது, எதில் பாம்பு இருக்கிறது, எது காலி என்று இருபது அடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அதே விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு நுண்ணோக்கியும் மூன்று மாதமும் தேவைப்பட்டன. எங்கள் அப்பா அவரை வாடா போடா என்பார். நான் படித்தவன், முற்போக்கானவன், அதனால் அண்ணே என்பேன். கூலி மட்டும் அப்பா கொடுத்ததேதான்.

தினமும் விடிந்ததும் ஒரு ஸ்பூன் மண் எடுத்து, கிழமை எழுதிய பிளாஸ்டிக் குழாயில் போட்டு, ஐஸ் டப்பாவில் வைத்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கூல்டிரிங்ஸ் கடையின் ஐஸ் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். கடைக்காரர் பால் ஐஸுக்கும் கோலிசோடாவுக்கும் நடுவில் என் குழாய்களுக்கு இடம் விட்டிருந்தார். ஞாயிறுதோறும் நான் வந்து ஏழு குழாய்களையும் வாங்கிப்போவேன். அண்ணன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மண் எடுக்கும் முன் புற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது என் செயல்முறைக் குறிப்பில் இல்லை, ஆனால் தடுக்கவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், சனிக்கெயம எடுக்கற மண்ணு மட்டும் ஒரு மாரி புளிச்ச வாட வருது சார்."

"அண்ணே, வாடை எல்லாம் டேட்டா இல்ல" என்றேன்.

"சரி சார்" என்று போய்விட்டார்.

இப்போது அந்த வேலை செய்யக் கூடாத விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும், அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். என் சோதனைக்கு, எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிற ஒரு மரபணு தேவைப்பட்டது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியைத் தயாரிக்கிற மரபணுவை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் முதலில் வருவதே அதுதான். பாக்டீரியா மகா சிக்கனம். விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகுதான் பரணிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்குகிற வீடு மாதிரி, பால் சர்க்கரை வந்தால்தான் அந்த மரபணுவை எழுப்பும், இல்லையென்றால் தூங்கவிடும். வரப்பு மண்ணில் பால் எங்கிருந்து வரும்? ஆகவே அது தூங்கும். மண்ணோடு ஒரு கரைசலைச் சேர்த்தால் நொதி இருக்கிற குழாய் மஞ்சளாகும், இல்லாத குழாய் நிறமற்று இருக்கும். என் கன்ட்ரோல் குழாய்கள் ஏழும் நிறமில்லாமல் வெறும் தண்ணீராக நிற்க வேண்டும். நான் உண்மையாகத் தேடிய, மரத்தைச் செரிக்கிற மரபணுக்கள் ஓகோவென்று குதிக்க வேண்டும்.

நடந்தது தலைகீழ். மரத்தைச் செரிக்கிறவை ஒன்றும் குதிக்கவில்லை. கன்ட்ரோலில் திங்கள் முதல் வெள்ளிவரை தண்ணீர். சனிக்கிழமைக் குழாய் மட்டும் எலுமிச்சம்பழ மஞ்சள். ஞாயிறு வெளிர் மஞ்சள். மறுபடி திங்கள், தண்ணீர்.

முதல் வாரம் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வாரமும் சனிக்கிழமை மஞ்சள். மூன்றாவது வாரமும் அப்படியே. பேராசிரியரிடம் கொண்டுபோனேன். "எந்த ஐஸ் பெட்டியில வச்ச? பால் ஐஸ் பக்கத்துலயா? அறிவு இருக்கா உனக்கு?" என்று கேட்டபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏழு நாள் குழாய்களும் பால் ஐஸுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன, சனிக்கிழமைக்கு மட்டும் ஏன் மஞ்சள் என்று கேட்டேன். பத்து நிமிஷம் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்கு முன் அந்த வெளிச்சத்தை நான் அவருக்குப் பதவி உயர்வு வந்த அன்றுதான் பார்த்திருந்தேன்.

"ஏழு நாள்" என்றார். "ஏழு நாள்னா என்ன தெரியுமா? சந்திர மாசத்துல கால் பாகம்."

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகம் ஜோசியக் கூடமாகிவிட்டது. பேராசிரியர் பரம நாத்திகர். ராகுகாலத்தில்தான் மாணவர்களைச் சேர்ப்பேன் என்று அடம்பிடிக்கிறவர். அவர் சொன்னதன்பேரில் நான் தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி, அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி எல்லாம் பார்த்து வரைபடத்தில் குறித்தேன். மண்ணுக்கடியில் இருக்கும் பாக்டீரியா நிலவின் இழுப்பை உணர்ந்து வாரம் ஒருமுறை விழித்துக்கொள்கிறது என்பது எங்கள் கோட்பாடு. பால் சர்க்கரையே இல்லாத மண்ணில் அந்த மரபணு விழிக்கிறதென்றால் பாடப்புத்தகத்தையே திருத்த வேண்டும். எனக்கும் தலைகால் புரியவில்லை. அம்மா பஞ்சாங்கம் பார்த்தால் மூடநம்பிக்கை, நான் பார்த்தால் சந்திர உயிரியல்.

நொதி மட்டும் போதாது, மரபணு விழித்ததற்கு நேரடிச் சாட்சி வேண்டும் என்றார் பேராசிரியர். அந்தச் சாட்சி ஆர்.என்.ஏ., விழித்த மரபணு எடுக்கிற நகல். அது நொடியில் சிதைந்துவிடும் ஜாதி. மண்ணை எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க வேண்டும். பால் கேன் மாதிரி ஒரு பெரிய கேனில் நைட்ரஜனை நிரப்பிக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் மாறினேன். மூடியிலிருந்து வெள்ளைப் புகை கசிந்தது.

"இன்னா சார், பொகையுது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"காத்துங்க. வெறும் காத்து. குளுந்து போயிருக்கு."

"காத்த கேன்ல அடச்சிக்கினு எங்க சார் போற?" என்று கேட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இரண்டு வாரம் வீட்டில் தங்கி, விடியற்காலையில் நானே போய் மண் எடுத்து, உறையவைத்து, வந்து நாஷ்டா பண்ணிவிட்டுத் தூங்கினேன். வேலை இல்லாவிட்டாலும் அண்ணன் கூட வந்து நின்று, வழக்கம்போலப் புற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். சென்னை திரும்பிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இரண்டு சனிக்கிழமைக்கும் எக்ஸ்ரே ஃபிலிமில் ஆர்.என்.ஏ. பட்டை கறுகறுவென்று இருந்தது. பேராசிரியர் என் தோளில் தட்டினார். நான்கு வருஷத்தில் முதல் தட்டு. டில்லியில் ஒரு மாநாட்டுக்கு உரைச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். பட்டம் நிச்சயம் என்று ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டேன். அம்மா போனில் அழுதாள்.

மாநாட்டுக்கு ஒரு மாதம் இருந்தபோது சனிக்கிழமைக் குழாய் தண்ணீராக நின்றது.

ஒரு வாரம்தானே என்று விட்டேன். அடுத்த வாரமும் தண்ணீர். மூன்றாவது வாரமும் தண்ணீர். நிலா தன் பாட்டுக்கு வளர்ந்து தேய்ந்துகொண்டுதான் இருந்தது, பாக்டீரியாதான் எழுந்திருக்க மறுத்தது. என் சந்தேகம் நேராக அண்ணன் மேல் போனது. வேறு யார் மேல் போகும்? ஏதோ ஒரு வரப்பில் மண்ணை வாரிப்போட்டு ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டி, ஒரு வியாழக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் உத்திரமேரூரில் இறங்கி, வெள்ளி விடியலில் பையோடு நேரே நிலத்துக்கு நடந்தேன். மண் எடுத்து முடித்து, குழாயை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணு வாரமா நீங்க மண்ணை இங்கதான் எடுக்கறீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது என்று தெரிந்தது, ஆனால் குரல் ஏறவில்லை.

"மண்ணு அதே மண்ணுதான் சார். பாலுதான் வரல."

"என்ன பால்?"

"அம்மா ஊத்தற பாலு. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம நான் மண்ணெடுத்துக்கினு போனதுக்கப்பால வந்து ஒரு சொம்பு ஊத்துவாங்க. மாடு கறவ நின்னு மூணு வாரம் ஆவுது. இப்ப முட்டதான் வெச்சிக்கினு கீறாங்க."

நான் புற்றைப் பார்த்தேன். மண் எடுக்கிற குழிக்குப் பக்கத்தில் முட்டை ஓடு கிடந்தது.

"எப்ப இருந்து ஊத்தறாங்க?"

"நீ மண்ணெடுக்கச் சொன்ன மொத வாரத்துலேந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே சார். வாட வருதுன்னேன். அது இன்னாமோ இல்லன்னுட்ட."

வெள்ளி காலை பால். நாள் முழுக்க மண்ணில் ஊறும். மரபணு விழிக்கும். சனிக்கிழமை விடியலில் எடுத்த மண்ணில் அது உச்சத்தில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை தீர, திங்களன்று மறுபடி தூங்கும். முட்டையில் பால் சர்க்கரை கிடையாது. பாடப்புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வேறு. நான் வீட்டில் தங்கியிருந்த அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அம்மா தலைக்குக் குளித்து, சொம்பில் பாலோடு கிளம்பியதை நாஷ்டா தட்டின் முன்னால் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். பால் சொசைட்டிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். சொசைட்டி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அம்மா மேற்கே போனாள். மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, சொந்த அம்மா கிழக்கே போகிறாளா மேற்கே போகிறாளா என்று பார்க்கத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "புத்த தோண்டறது குத்தம் நைனா. நீ தெனத்துக்கும் தோண்ட வெக்கற. படிப்பும் முடியாம இழுத்துக்கினே கீது. நானு இன்னா பண்ணுவேன்? கொயந்த தெரியாம பண்றான், அவம்மேல கோவம் வெக்காத தாயே, படிப்ப முடிச்சுக் குடுன்னு வேண்டிக்கினு வாரா வாரம் ஊத்தறேன். மஞ்சா குங்குமம் வெச்சா நீ கத்துவன்னு வெறும் பாலுதான் ஊத்தனேன்."

"எல்லாம் போச்சும்மா. ஆராய்ச்சியே போச்சு."

"ஏன், அதுங்கோ செத்துப் போச்சா?"

"சாகல. சந்தோஷமா இருக்குதுங்க."

"அப்பறம் இன்னா?" என்றாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

சென்னை திரும்பும் பஸ்ஸில், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மாடு சினையாக இருந்தது. கன்று போட்டால் பால் வரும், சனிக்கிழமை மறுபடி மஞ்சளாகும், டில்லியில் கைதட்டுவார்கள், பட்டம் வரும். யாருக்குத் தெரியப்போகிறது? தாம்பரம் வரைக்கும் இந்தத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கப்புறம்தான், வேறு ஊரில் வேறு எவனாவது இதே சோதனையைச் செய்து பார்த்தால் அவனுக்கு என் அம்மா கிடைக்க மாட்டாளே என்ற பயம் வந்தது. உண்மை பேசும் உத்தமன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். மாட்டிக்கொள்வேன் என்றுதான் சொன்னேன்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த நிலா வரைபடத்தைக் கழற்றி நான்காக மடித்தார்.

"நம்ம லேப்ல வாரம் தவறாம, சொன்ன வேலைய ஒழுங்கா செஞ்சது உங்க அம்மா ஒருத்தங்கதான்" என்றார். "அதுவும் யாரும் சொல்லாமலே."

டில்லிக்கு 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தந்தி போனது. ஆனால் மனுஷர் கெட்டிக்காரர். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். ஆய்வகத்துக் குடுவையில் எல்லாரும் பார்த்த மரபணுவை, திறந்த வயலில், மாதக்கணக்கில் வாரம் தவறாமல் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இதையே ஓர் அத்தியாயமாக எழுதலாம். ஆனால் பால்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும்.

"அதே புத்து. அதே பால். அதே அளவு. அதே கை. கை மாறக் கூடாது. நாள் மட்டும் மாறணும். வெள்ளிக்குப் பதிலா புதன்ல ஊத்தச் சொல்லு. பீக் வியாழக்கிழமைக்கு நகர்ந்தா உனக்கு பட்டம். நகரலன்னா நெல்லு."

நல்லவேளை, மாடு அடுத்த மாதமே கன்று போட்டது. சீம்பால் நாள் கழிந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன். முடியவே முடியாது என்றாள். செவ்வாய், வெள்ளி அம்மனுக்கு. புதன்கிழமையில் எவள் புற்றுக்குப் பால் ஊற்றுவாள்? எந்தப் படிப்பு முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ, அந்தப் படிப்பு முடிய வேண்டுமென்றால் அந்த வேண்டுதலைத் தப்பான நாளில் செய்ய வேண்டும். இந்தப் பேஜாரை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நானும் பூசி மெழுகாமல் சொன்னேன்: "நீ நாள் மாத்தலன்னா எனக்கு பட்டம் கிடைக்காது. அவ்ளோதான்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுச் சொம்போடு வந்து நின்றாள்.

"நாள மாத்தறதுல குத்தம் ஏதுனா இருந்தா எம்மேலயே வரட்டும்னு சொல்லிட்டேன். ஒன்ன அண்டாது. வா" என்றாள்.

நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: முதல் புதன், பால், ஒரு சொம்பு. அவள் சொன்னதை எழுத அதில் கட்டம் இல்லை.

எட்டு வாரம். எட்டு வியாழக்கிழமையும் குழாய் மஞ்சளானது. சனிக்கிழமைக் குழாய் தண்ணீராக நின்றது. கிழமை மாறினாலும் அண்ணன் வழக்கம்போல மண் எடுத்து, வழக்கம்போலப் புற்றைக் கும்பிட்டார். அந்த அத்தியாயம்தான் என் ஆய்வேட்டைக் காப்பாற்றியது. மற்ற நான்கு வருஷ வேலையும் அதற்கு முன்னுரை மாதிரிதான் நின்றது. அதில் அம்மாவின் பெயர் 'வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட பால் சர்க்கரை'. நன்றியுரையில் எல்லாரும் எழுதுவதுபோல, பெற்றோரின் அன்புக்கும் ஆதரவுக்கும் என்று ஒரு வரி போட்டேன். அண்ணனுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கு அந்த அத்தியாயம் பிடித்துப்போயிற்று. இத்தனை வாரம் இவ்வளவு துல்லியமாக அந்தப் பாலை ஊற்றியது யார் என்று கேட்டார்.

கடைசி வரிசையைக் கை காட்டியிருக்கலாம். அறை முழுக்கக் கோட்டு போட்டவர்கள். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவளின் மகன் என்று அவர்கள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"கள உதவியாளர் ஒருவர்" என்றேன்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "நானு பாலு ஊத்தனத சொன்னியா, நைனா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்கோ?"

"நல்லா பண்ணியிருக்காங்கன்னாங்க."

செங்கல்பட்டு வரைக்கும் சிரித்த முகமாகவே வந்தாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அதற்கப்புறம் வேலை கிடைத்தது, வேறு ஊர்க் கல்லூரி. பையன்களுக்கு வருஷாவருஷம் அந்தப் பால் சர்க்கரை மரபணுவைப் பாடம் நடத்தினேன். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்கு வருவேன், போவேன். நான்கு வருஷம் கழித்து நடுவாரத்தில் ஏதோ விடுமுறை வந்தது, ஊரில் இருந்தேன். காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, சொம்போடு வாசலில் இறங்கினாள். இந்த முறை பார்த்தேன். மேற்கே திரும்பினாள்.

"அம்மா, இன்னிக்கு புதன்கிழமை."

"ஆமா. தெரியுமே."

"வெள்ளிக்கிழமைதானே எல்லாரும் ஊத்துவாங்க?"

"அவளுங்க கோயில் புத்துக்கு வெள்ளிக்கெயம ஊத்தறாளுங்க. பாட்டு பாடிக்கினு கும்பலாப் போவாளுங்க. என்னக் கூப்ட்டு கூப்ட்டு ஓய்ஞ்சி போய்ட்டாளுங்க. நீதானே புதன்கெயமன்ன?"

"அது எட்டு வாரத்துக்கும்மா. ஆராய்ச்சிக்கு. அது எப்பவோ முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சிபோச்சின்னு நீ சொல்லலியே, நைனா" என்றாள்.

எழுந்து போய்ச் சொம்பை வாங்கக் கையை நீட்டினேன். நீ உட்கார், முட்டி வலிக்கிறதே, நான் போய் ஊற்றிவிட்டு வருகிறேன் என்றேன்.

அவள் சொம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ ஊத்தாத. கை மாறக் கூடாதுன்னு ஒங்க சாரு சொன்னாருன்னு நீதானே சொன்ன" என்று சொல்லிவிட்டு, மெதுவாக வரப்பைப் பார்த்து நடந்தாள்.